கைப்பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு 2009இல் கணவரோடு கம்போடியாவுக்கு மிஷனரியாகப் போனேன். தலைநகர் நோம் பென்னில் 10 வருடம் இருந்தோம். அவர் அங்கே பையன்களுக்கு எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொடுத்தார். நான் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன்.

போன மாதம் பக்கத்துச் சபை ஒன்றின் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 8 நாள் கம்போடியா ஊழியப் பயணம். கீழே நிகழ்ச்சி நிரல். அங்கோர்வாட் பார்ப்பது முதலில் இருந்தது, அதற்கடுத்து 'கிராமத்தில் வீடு சந்திப்பு, கைப்பிரதி ஊழியம்'. கைப்பிரதி என்றால் நற்செய்தி அச்சடித்த துண்டுத்தாள், அதை ஆட்களிடம் கொடுப்பதுதான் அந்த ஊழியம். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூட நின்ற பெண் ஒருத்தி, "உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி அவ ஊருக்கே கூட்டிட்டுப் போறாளாம் டீச்சர், எவ்வளவு பெரிய கதவு திறந்திருக்கு பாருங்க" என்றாள். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பேச்சுதான் காரணம். சபைப் பத்திரிகைக்கு எழுதலாம். ஆனால் அது சபைக்குள்ளேயே முடிந்துபோகும். உங்கள் பத்திரிகையை எல்லோரும் படிக்கிறார்கள். மிஷனரி என்றாலே ஒரு சந்தேகத்தோடு பார்க்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி என்னையும் அவள் ஊருக்குக் கூப்பிட்டாள். அது 2014இல். அதற்கு முன் ஐந்து வருடம் அந்த நாட்டில் இருந்தும் ஒருவர்கூட எங்களைச் சொந்த ஊருக்கு அழைத்ததில்லை. நோம் பென்னில் காபி குடிக்கக் கூப்பிடுவார்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள். ஊருக்குக் கூப்பிடுவது வேறு. அந்த நாட்டில் ஒருவர் உங்களைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனால், அப்பா அம்மாவிடமும் பாட்டியிடமும், ஊர்த் தலைவரிடமும்கூட, "இவர் எங்கள் மனிதர்" என்று உங்களுக்காக வாக்குக் கொடுக்கிறார் என்று பொருள். எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்துகொண்ட விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அவளுக்கு அப்போது 26 வயது. சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. அந்த வருடம் கார்மெண்ட்ஸ் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 100 டாலர். அங்கே டாலரும் புழங்கும், அவர்கள் பணமான ரியலும் புழங்கும். நான்கு பெண்கள் சேர்ந்து ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்குப் போய்விடும். பௌத்தப் பிள்ளை. இன்று வரைக்கும் அப்படித்தான். அவளுக்கு நான் 'போங்'. அக்காவையும் அண்ணனையும் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "போங், பச்சும் பென்னுக்கு எங்க ஊருக்கு வாங்க, அண்ணனையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

பச்சும் பென் அவர்களுக்கு முன்னோர் பண்டிகை. 15 நாள் நடக்கும், அமாவாசையோடு முடியும். நம் ஊரில் மகாளய பட்சம் என்று சொல்கிறோமே, அதே 15 நாள்தான். 'பென்' என்ற சொல்லே பிண்டம்தான். பசியோடு அலைகிற ஆவியை 'பிரேத்' என்பார்கள். பிரேதம் என்று நமக்குத் தெரிந்த சொல். கிராமத்துக்குப் பெயர் 'பூம்', அது பூமி. ஆசிரியரை 'க்ரு' என்பார்கள், அது குரு. தாத்தாவை 'தா' என்று கூப்பிடுவதைக் கேட்டபோது என் கணவர் சிரித்துவிட்டார். கடைசி மூன்று நாள் அரசு விடுமுறை. நோம் பென் முக்கால்வாசி காலியாகிவிடும். வேனுக்குள் ஆட்கள், வேனின் கூரை மேல் மோட்டார் சைக்கிள், பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம்.

அவள் ஊர் தாக்கியோ மாகாணத்தில், அங்கோர் போரெய் பக்கம். நோம் பென்னிலிருந்து 2ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தாக்கியோ டவுனுக்கு 80 கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து படகு. செப்டம்பர் கடைசியில் வயலெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். நம் பக்கத்தில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தாலே ஊரே வேடிக்கை பார்க்கப் போவோம். அங்கே கண்ணுக்கு எட்டிய வரை குளம்தான். பனைமரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்றன. அந்தப் பனைகளைப் பார்த்ததும் எங்கள் தேரிக்காட்டு ஞாபகம் வந்து எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கோர் போரெய் மிகப் பழைய ஊர். அந்த நாட்டு மொழியான கெமரில் தேதி குறித்த கல்வெட்டுகளில் எல்லாவற்றுக்கும் முந்தியது, 611ஆம் வருடத்தது, அங்கேதான் கிடைத்தது. அந்த எழுத்து நம் பல்லவர் எழுத்தின் வழியில் வந்தது. அந்த ஊரில் அதைக் கேட்டபோது, இந்த மக்களுக்கு ஒன்றும் தெரியாது, நாம் போய்த்தான் எல்லாம் சொல்லப்போகிறோம் என்ற எண்ணம் எனக்குள்ளும் எங்கோ ஒளிந்திருந்தது என்று புரிந்தது.

வீடு கால் ஊன்றிய மரவீடு. கீழே மாடும் தறியும், மேலே ஆட்கள். அவளுடைய அப்பா கோயிலில் 'அச்சார்'. பிக்குகளுக்கும் ஊராருக்கும் நடுவே நின்று சடங்குகளை நடத்திவைப்பவர். ஆசாரியர் என்ற சொல்தான் அது. பாட்டிக்கு 80 வயதை ஒட்டி இருக்கும், பார்வை மங்கல். பாட்டியை அவர்கள் 'யேய்' என்பார்கள்.

போன அன்று சாயங்காலம் பாட்டி பண்டிகைக்கு அன்சாம் செய்ய உட்கார்ந்தார். ஊறவைத்த பசையரிசி, நடுவில் பாசிப்பருப்பு, மிளகு தூவிய பன்றிக்கொழுப்பு. அதை வாழையிலையில் நீளமாக உருட்டி, நாரால் இறுக்கிக் கட்டி, இரவெல்லாம் வேகவைக்க வேண்டும். நான் வாழை நாரில் பூக்கட்டிப் பழகியவள், இது என்ன பெரிய காரியம் என்று நானும் கட்டினேன். பாட்டி என் கட்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பேசாமல் அவிழ்த்தார், மறுபடி கட்டினார். இலை வேகும்போது அரிசி உப்பும், அந்த உப்பலுக்குத் தோதாக இடம்விட்டுக் கட்ட வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். ஏழாவதோ எட்டாவதோ ஒன்றை அவிழ்க்காமல் பானைப் பக்கம் தள்ளினார். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கோயிலுக்குப் போனார்கள். எள் கலந்து உருட்டிய சோற்றுருண்டைகள் தட்டில் இருந்தன. மெழுகுவர்த்தியோடு வெறுங்காலில் கோயிலை மூன்று சுற்று சுற்றி, இருட்டுக்குள் ஒவ்வொன்றாக எறிவார்கள். நேரில் வந்து வாங்கமுடியாத ஆவிகளுக்கு அது. வெளிச்சத்துக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டுமாம். நானும் கணவரும் வாசல்படியில் நின்றோம். உருண்டையை நாங்கள் எறியவில்லை. எங்கள் விசுவாசம் அதற்கு இடம் கொடுக்காது என்று முந்தின நாளே தோழியிடம் சொல்லியிருந்தோம். "வந்து நின்றால் போதும் போங்" என்றாள். அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வரும்போது பாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாட்டிக்கு ஐந்து பிள்ளைகள். அதில் இரண்டு மகன்களும் வீட்டுக்காரரும் போல் போட் என்ற சர்வாதிகாரியின் காலத்தில் போனவர்கள். 1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை நடந்த அந்த ஆட்சியை அங்கே யாரும் 'நான்கு வருடம்' என்று சொல்லமாட்டார்கள். '3 வருடம் 8 மாதம் 20 நாள்' என்றே சொல்வார்கள். பட்டினியிலும் கொலையிலும் சுமார் 17 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஆராய்ந்தவர்கள் கணக்கு. பிக்குகளின் காவி உடையைக் கழற்றி வயலுக்கு அனுப்பினார்கள். நோம் பென்னில் இருந்த கத்தோலிக்கப் பேராலயத்தை இடித்தே தள்ளினார்கள். பாட்டியின் மூன்று பேரும் எங்கே செத்தார்கள் என்று தெரியாது. அதனால்தான் அந்த இருட்டு உருண்டை பாட்டிக்கு அவ்வளவு முக்கியம்.

நடந்துகொண்டே பாட்டி கேட்டார். தோழி எனக்குச் சொன்னாள். "உங்க ஊர்ல செத்தவங்களுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம், புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து ஜெபிப்போம் என்றேன். என் அம்மா கல்லறையைப் பற்றிச் சொன்னேன். சாவு முடிவல்ல என்று ஏன் நம்புகிறேன், யாரை நம்பி அதைச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். பாட்டி நின்று கேட்டார். "அப்போ உங்க அம்மா எங்கே இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 10 வருட ஊழியத்தில் நான் சொன்ன சாட்சிகளில் இவ்வளவு கவனமாகக் கேட்கப்பட்டது வேறு எதுவும் இல்லை. பாட்டி கேட்டார், நான் சொன்னேன்.

காலைச் சாப்பாட்டில் கோயிலுக்குப் போய்வந்த அன்சாமை வெட்டித் தட்டில் வைத்தார்கள். எனக்குக் கை தயங்கியது. என் கணவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "முன்னால வைக்கிறதைச் சாப்பிடுங்கன்னு சொல்லித்தானே இயேசு எழுபது பேரை அனுப்பினார்" என்றார். நானும் சாப்பிட்டேன். அவர்களுடைய பிரஹோக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீனைப் புளிக்கவைத்துச் செய்வது, வாடை தூக்கும். கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சரி, இனி அந்த 2016ஆம் வருட மே மாதம். நம் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கடன் வாங்கி டிக்கெட் எடுத்து வந்தவரும் அவர்களில் இருந்தார். ஒரு கிராமம் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நான்தான் தோழியிடம் கேட்டேன். "உங்க ஆளுங்கன்னா எங்க ஆளுங்கதான்" என்று லீவு போட்டு வந்தாள். கோடைகாலம், தண்ணீர் வற்றியிருந்தது, வேனிலேயே போய்விட்டோம்.

அவளுடைய அம்மா இரண்டு கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். நான் அடுப்படியில் அவருக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அரைமணி நேரத்தில் வெளியே எல்லாம் நடந்துவிட்டது. பைகளில் கெமர் மொழியில் அச்சடித்த கைப்பிரதிகள் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை. தெருவில் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் மதிலோரம் விளையாடிய பிள்ளைகளுக்குப் பலூனும் பிஸ்கெட்டும் கொடுத்து, கூடவே கைப்பிரதியும் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது வீட்டுக்குக் கீழே கட்டிலில் பாட்டி உட்கார்ந்திருந்தார். நான்கு பேர் சுற்றி நின்று அவர் தலைமேல் கை வைத்து உரத்த குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நம் சபைகளில் தலையில் கை வைப்பது ஆசீர்வாதம். கெமர் மக்களுக்குத் தலை புனிதம். அடுத்தவர் தலையைத் தொடுவதே தப்பு. பெரியவர்கள் தலையை, அதுவும் அனுமதி இல்லாமல், முன்பின் தெரியாதவர்கள் தொடுவது என்றால் கன்னத்தில் அறைவதற்குச் சமம். பாட்டிக்குக் கண்ணும் சரியாகத் தெரியாது. யார் கை என்றே தெரியாமல், இரண்டு உள்ளங்கைகளையும் கூப்பி மார்புக்கு நேரே வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகள் லேசாக நடுங்கியதை நான் பார்த்தேன். "பாட்டி ஏற்றுக்கொண்டார்கள்" என்று படம் பிடித்தவர் தமிழில் சொன்னது அந்த வீடியோவில் பதிவாகியிருக்கிறது. பாட்டி கை கூப்பியது பயத்தில். வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்படி 'வேண்டாம்' என்று சொல்வது என்ற தவிப்பில்.

மறுநாள் ஊர்த் தலைவர் தோழியின் அப்பாவை அழைத்து விசாரித்தார். கம்போடியாவின் 1993 அரசியல் சட்டத்தில் பௌத்தம் அரசு மதம், ஆனால் யாரும் எந்த மதத்தையும் நம்பலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. சபைகள் வெளிப்படையாகவே நடக்கின்றன. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிரச்சாரம் செய்யக்கூடாது, பணமோ பொருளோ காட்டி மதத்துக்கு இழுக்கக்கூடாது, மற்ற மதப் புத்தகங்களை வழிபாட்டு இடத்துக்கு வெளியே விநியோகிக்கக்கூடாது என்று மத விவகார அமைச்சகத்தின் உத்தரவு இருக்கிறது. 2003இல் போட்டார்கள், 2007இல் மறுபடி வலியுறுத்தினார்கள். அன்று நாங்கள் மூன்றையும் மீறியிருந்தோம். நாங்கள் என்றுதான் எழுதுகிறேன். கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

அந்த ஒன்பது பேரும் நான்காம் நாள் விமானம் ஏறிவிட்டார்கள். கோயிலில் சடங்கு நடத்திவைக்கிற மனிதர் ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, தன் வீட்டுக்கு வந்தவர்களுக்காக மன்னிப்புக் கேட்டார். தோழி நான்கு மாதம் வகுப்புக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அவள் அறைக்குப் போனேன். கூட இருந்த பெண் கதவைப் பாதி திறந்து, "வேலைக்குப் போயிருக்கா" என்றாள். செருப்பு வாசலில்தான் கிடந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போகும் வரைக்கும் பின் பெஞ்சிலேயே இருந்தாள். அப்புறம், "போங் ஏன் அன்சாம் கட்ட வரலைன்னு யேய் கேட்கிறாங்க" என்றாள்.

போனோம், இந்தத் தடவை இரண்டு பேர் மட்டும். ஒரு கூடை மங்குஸ்தானும் கோயில் சமையலுக்குச் சர்க்கரையும் வாங்கிப்போனோம். அப்பா முன்னால் தரையில் உட்கார்ந்து கைகூப்பி மன்னிப்புக் கேட்டோம். என் கணவர் கெமர் மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வர்றவங்க விருந்தாளிங்கன்னு ஊர்ல சொல்லியிருந்தேன். அன்னைக்கு என்னைப் பொய் சொன்னவனாக்கிட்டாங்க." இவ்வளவுதான். அப்புறம் சாப்பிட வரச் சொன்னார்.

'அப்படியானால் சொல்லவே கூடாதா, சொல்லாவிட்டால் அது ஊழியமா' என்று நம் ஆட்கள் கேட்பார்கள். என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். நற்செய்தி சொல்லத்தான் நான் வேலையை விட்டுப் போனேன். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. கம்போடியாவுக்கு 1923இல் மிஷனரியாக வந்த ஆர்தர் ஹம்மண்ட் அந்த மொழியைக் கற்று, வேதாகமத்தை மொழிபெயர்த்து, முழுதாக அச்சில் கொண்டுவர 1954 ஆயிற்று. 31 வருடம். இடையன்குடி கால்டுவெல் ஐயர் 1841இல் மெட்ராஸிலிருந்து இந்தப் பக்கம் வரும்போது ஜனங்களைத் தெரிந்துகொள்வதற்கென்றே நடந்து வந்தார். அப்படி வந்தவர்களால் விசுவாசிகளான குடும்பத்தில் பிறந்தவள் நான். 8 நாளில் வீடியோவோடு திரும்ப வேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஊரில் காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறதோ என்னவோ. அப்படி என்றால் காணிக்கை கொடுக்கிற நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பிற்பாடு தோர்ணக்கல் பேராயர் ஆனவர், 1902இல் யாழ்ப்பாணம் போய்வந்த பிறகுதான் நம் ஆட்களே மிஷனரிகளை அனுப்ப வேண்டும் என்று கிளம்பினார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதை எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். 1910இல் அவர் எடின்பரோ மாநாட்டில் பேசியது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேராகக் கேட்டார். அன்று நாம் கேட்கிற இடத்தில் இருந்தோம். இன்று நம் கையிலும் பாஸ்போர்ட் இருக்கிறது. கம்போடியாவில் ஒரு அச்சார் அதையே நம்மிடம் கேட்கிறார்.

அதனால் அந்த நோட்டீஸ் ஒட்டிய சபையாருக்கும், நேபாளமோ கம்போடியாவோ போகத் திட்டம் போட்டிருக்கிற வாலிபர்களுக்கும் சொல்கிறேன். ஊருக்குக் கூப்பிட்ட பிள்ளையின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போங்கள். கைப்பிரதிகளை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள். படியேறும் முன் செருப்பைக் கழற்றுங்கள், பெரியவர்கள் பக்கம் காலை நீட்டி உட்காராதீர்கள், யார் தலையையும் தொடாதீர்கள், சின்னப் பிள்ளையாக இருந்தாலும் சரி. போனைப் பைக்குள் வையுங்கள். ஜெபிக்க வேண்டுமா, "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் இரவு படுக்கையில் ஜெபியுங்கள், அதுவும் கேட்கப்படும். நீங்கள் நம்புவதை யாராவது கேட்டால் முழுசாக, தைரியமாகச் சொல்லுங்கள். கேட்கிற அளவுக்கு அங்கே தங்குங்கள். தங்க முடியாது என்றால், அங்கேயே இருக்கிற சபையாரிடம் போய் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கம்போடியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பௌத்தர்கள். அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே கிறிஸ்தவர்களாக அக்கம்பக்கத்தாரோடு வாழ்கிறவர்கள் கொஞ்சம் பேர். நாம் போய்க் கிளறிவிட்டு வருவதை அவர்கள்தான் வருடக்கணக்கில் சுமக்கிறார்கள். உங்களைக் கூட்டிப்போகிற அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பையில் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று.

மிஷனரிகளைச் சந்தேகத்தோடு பார்க்கிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் படும் கோபத்தில் நியாயம் இருக்கிற இடத்தை நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் என் கணவரிடம் வேலை கற்ற பையன்களுக்கு இன்று சொந்தக் கடை இருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் சபைப் பக்கமே வந்ததில்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நாங்கள் 2019இல் ஊர் திரும்பினோம். 2022 மார்ச்சில் அவர் மாரடைப்பில் இறந்தார். தோழிக்குத் தகவல் சொன்னேன், போனிலேயே அழுதாள். அந்த வருடம் செப்டம்பரில், பச்சும் பென் நாட்களில், ஒரு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். திரையில் பாட்டி வாழையிலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார், ரொம்ப மெலிந்துபோயிருந்தார். பக்கத்தில் அப்பா ஒரு தாளும் பேனாவுமாக இருந்தார். கோயிலில் பிக்குகள் வாசிப்பதற்காக வீட்டில் இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். வீட்டுக்காரர், இரண்டு மகன்கள், அப்புறம் என் கணவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று பாட்டி சொன்னாராம்.

"உங்க சாமி கோவிச்சுக்குமா போங்? வேண்டாம்னா எழுதலை" என்று தோழி கேட்டாள்.

அவர்கள் நம்புவதை நான் நம்பவில்லை. என் கணவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், பாட்டிக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் எழுதுங்கள் என்றேன். அப்பா பேனாவை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரைக் கெமர் எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்துத் தாளைத் திரைக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓர் எழுத்துக்குக் கால் விட்டுப்போயிருந்தது. சொன்னேன், திருத்தினார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை,
மெஞ்ஞானபுரம் அருகில், தூத்துக்குடி மாவட்டம்.

(தோழி குடும்பத்தை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)